கறியில்லாமல் காலர்ட் கீரை: புகையா, பூண்டா, பெருங்காயமா?

அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலும் புத்தாண்டு விருந்திலும் காலர்ட் கீரைக்கு நிரந்தர இடம் உண்டு. ஜனவரி 1 அன்று இதைக் காராமணியோடு சாப்பிட்டால் வருஷம் முழுக்கக் கையில் பணம் புழங்கும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. தென் கரோலினா 2011-இல் இதைத் தன் மாநிலக் காய்கறியாகவே அறிவித்தது. ஆனால் அந்தக் கீரைச் சட்டியில் பெரும்பாலும் புகையூட்டிய பன்றிக்கால் துண்டு ஒன்று கிடக்கும். இப்போது பல வீடுகளில் அதற்குப் பதில் புகையூட்டிய வான்கோழி இறக்கை. சைவம் சாப்பிடுகிறவர்கள் அந்தத் துண்டை மட்டும் எடுத்துவிட்டு, உப்புத் தண்ணீரில் கீரையை வேகவைத்துப் பார்த்து, சப்பென்று இருக்கிறதே என்று கைவிட்டுவிடுகிறார்கள். குற்றம் கீரையுடையதல்ல.

கறித்துண்டு அந்தச் சட்டிக்குள் ஒரே சமயத்தில் பல காரியங்கள் செய்கிறது. உப்பு தருகிறது, புகை மணம் தருகிறது, கொழுப்பு தருகிறது, நாக்கில் தங்கும் ஓர் ஆழமான ருசியையும் சாற்றுக்குக் கொஞ்சம் கனத்தையும் தருகிறது. இத்தனையையும் தரும் ஒற்றைச் சைவப் பொருள் கிடையாது. கடையில் விற்கும் போலி பேக்கனை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். ஈரத்தில் அது சொதசொதவென்று ஆகிவிடும், புகை மணமும் நிற்காது. எனவே எது இல்லாமல் கீரை சப்பென்றிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற பொருளைச் சேர்ப்பதே சரியான வழி.

அதற்கும் முன்பு ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: நீண்ட நேரம் கொதிக்கும் சட்டியா, சட்டென்று வதக்கும் வாணலியா?

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகையறாவைச் சேர்ந்ததுதான் காலர்ட். கோஸைப் போல உருண்டு திரளாமல் அகன்ற தடித்த இலைகளாக விரிந்து வளரும். தென் மாநிலப் பாணியில் இதை மிதமான தீயில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வேகவைப்பார்கள். பச்சை நிறம் மங்கிப் பழுப்போடும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்த நேரத்தில் கசப்பு தணிந்து, இலையின் சத்தில் ஒரு பங்கு சாற்றில் இறங்குகிறது. பாட்லிக்கர் என்று பெயர் பெற்ற அந்தச் சாற்றைச் சோளரொட்டியோடு சாப்பிடுவார்கள். 1931-இல், லூசியானா ஆளுநர் ஹியூவி லாங் ரொட்டியைச் சாற்றில் தோய்த்துத் தின்பதே முறை என்றார். ‘அட்லாண்டா கான்ஸ்டிடியூஷன்’ பத்திரிகை, உதிர்த்துப் போட்டுத்தான் தின்ன வேண்டும் என்றது. வாதம் வாரக்கணக்கில் ஓடியது. இந்தச் சாறு வேண்டுமென்றால் வாணலி வழி உதவாது.

வாணலி வழிக்கு நல்ல உதாரணம் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலம். நடுத்தண்டை நீக்கிவிட்டு, நாலைந்து இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இறுக்கிச் சுருட்டி, நூல் போல நறுக்குவார்கள். சூடான எண்ணெயில் பூண்டு பொன்னிறமானதும் கீரையைப் போட்டுப் புரட்டினால் மூன்றே நிமிஷத்தில் தயார். கீரை பளிச்சென்ற பச்சையாக இருக்கும், பல்லில் லேசாகக் கடிபடும். புகை எதுவும் தேவையில்லை. வேலை நாளின் மாலைக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். நறுக்குவதில் மட்டும் சோம்பல் கூடாது. பட்டையாக நறுக்கினால் இலை தோல் மாதிரி இழுக்கும்.

நீண்ட நேரம் கொதிக்கும் சட்டிதான் என்று முடிவானால், புகைக்கு என்ன செய்வது? முதலிடம் ஸ்மோக்ட் பாப்ரிகாவுக்கு. ஸ்பெயினின் லா வேரா பகுதியில் மிளகாயை ஓக் மர நெருப்பின் மேல் பல நாள் உலர்த்தி அரைக்கும் பொடி இது. புகையும் லேசான இனிப்பும் சேர்ந்து வரும். ஒன்றை மறக்காதீர்கள்: கொதிக்கும் எண்ணெயில் இது நொடியில் கருகிக் கசந்துவிடும். தீயைத் தணித்து, பொடியைத் தூவி, மணம் எழுந்த உடனே தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். காரமும் வேண்டும் என்பவர்களுக்குச் சிப்போட்லே, அதாவது பழுத்த ஹலபேனோ மிளகாயைப் புகையில் உலர்த்தியது. முழுதாக ஒன்று போதும். லிக்விட் ஸ்மோக் என்பது மரப்புகையைக் குளிரவைத்துத் தண்ணீரில் பிடித்தது. இரண்டு மூன்று சொட்டுக்கு மேல் போனால் மருந்து வாடை அடிக்கும். வேறெதுவும் கிடைக்காதபோது மட்டும் வாங்கலாம். இந்தியக் கடையில் கிடைக்கும் கருப்பு ஏலக்காயும் நெருப்பில் உலர்த்தியதுதான். ஆனால் அதன் கற்பூர வாடை கீரையை அமுக்கிவிடும்.

புகையைவிட முக்கியம் அந்த ஆழமான ருசி. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். காய்ந்த ஷிட்டாகே காளான் நாலைந்தைச் சுடுநீரில் அரை மணி ஊறவைத்து, அந்த நீரை வடிகட்டிச் சட்டியில் ஊற்றுங்கள். அதோடு ஒரு கரண்டி சோயா சாஸ் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக்காட்டும்: காளானின் குவானிலேட்டும் சோயாவின் குளுட்டமேட்டும் சேரும்போது ருசி பல மடங்காகிறது. மிசோ என்ற சோயா விழுதை வைத்திருப்பவர்கள் அடுப்பை அணைத்தபின் கரைக்கலாம். முதலிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் அதன் மணம் வீணாகும்.

சாறு கனமாக வேண்டுமானால் ஆப்பிரிக்க வழி ஒன்று இருக்கிறது. ஜிம்பாப்வேயில் கீரையில் நிலக்கடலை வெண்ணெயைக் கரைத்துச் சமைக்கிறார்கள். இரண்டு கரண்டி போதும், குழம்பு பதத்துக்கு வந்துவிடும். சோற்றுக்கு இது மிகப் பொருத்தம், சோளரொட்டிக்கு அவ்வளவாக இல்லை.

வெங்காயமும் பூண்டும் கூடாது என்றால் காஷ்மீரைப் பார்க்க வேண்டும். அங்கே ‘ஹாக்’ என்று தினமும் சமைப்பது காலர்டின் நெருங்கிய உறவுதான். பண்டிதர் வீடுகளில் கடுகெண்ணெயைப் புகைய விட்டு, பெருங்காயம், காய்ந்த மிளகாய், உப்பு, தண்ணீர் சேர்த்து, கொதி வந்ததும் இலைகளை முழுதாகப் போட்டு மூடாமல் வேகவைப்பார்கள். மொத்தமே ஐந்தாறு பொருள்தான். அட்லாண்டாவிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் தமிழர் வீட்டில் பெருங்காயம் எப்படியும் இருக்கும். அமெரிக்கக் கடையில் வரும் முற்றிய இலைக்கு அரை மணி நேரம் கொடுங்கள்.

கறி இல்லாத காலர்ட் என்பது வெளியார் புகுத்திய புதுமை என்று நினைக்க வேண்டாம். பிரையன்ட் டெரி என்ற கறுப்பினச் சமையற்காரர் 2009-இலேயே ‘வீகன் சோல் கிச்சன்’ என்ற புத்தகம் எழுதினார். அதில் காலர்டை உலர்திராட்சையும் ஆரஞ்சுச் சாறும் சேர்த்துச் சிறிது நேரமே வதக்கியிருப்பார். தென் மாநிலங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் தங்கள் சின்னப் பாத்திகளில் வளர்த்த கீரை வயிற்றை நிரப்பியது. கறி என்று கிடைத்தது எஜமானர்கள் ஒதுக்கிய துண்டுகள். அந்தச் சட்டியில் பெரிய பங்கு எப்போதும் கீரையுடையதே.

முதல் முறை சமைப்பவருக்கு என் தீர்ப்பு இது. ஒரு பெரிய கட்டுக்கு (சுமார் 450 கிராம்) மூன்று மேஜைக்கரண்டி எண்ணெய். ஒரு பெரிய வெங்காயத்தை ஓரங்கள் நன்றாகச் சிவக்கும் வரை பொறுமையாக வதக்குங்கள். கண்ணாடி பதத்தில் நிறுத்தினால் போதாது. ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி ஸ்மோக்ட் பாப்ரிகா, காளான் நீரும் சேர்த்து மூன்று கப் தண்ணீர், ஒரு மேஜைக்கரண்டி சோயா சாஸ். பிறகு கீரை. இலை மெத்தென்று ஆனபின் ஒரு மேஜைக்கரண்டி ஆப்பிள் சைடர் வினிகர். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்; சாறு வற்ற வற்ற உப்பு ஏறும். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சம், ஆனால் சாறு நீர்த்திருக்கும்; திறந்தபின் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு வற்றவைக்க வேண்டும்.

கூடுமானவரை குளிர்காலத்தில் வாங்குங்கள். குளிரைத் தாங்க இலை தன் சர்க்கரையைக் கூட்டிக்கொள்வதால் உறைபனிக்குப் பின் பறித்த கீரையில் இனிப்பு தெரியும். மண் ஒட்டியிருக்கும், மூன்று தண்ணீராவது அலசுங்கள். இன்னொன்று: இந்தக் கீரையில் வைட்டமின் கே மிக அதிகம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிடாமல், மருத்துவரிடம் கேட்டு அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ள வேண்டும்.