வேப்பமரத்தடி ஆபீஸ்



2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தப்போ, சென்னையில் வேலை பார்த்த எங்க அண்ணன் லேப்டாப்போட நெய்வேலிக்கு வந்துட்டான். வீட்டுக்குள்ள இடமில்ல. குவார்ட்டர்ஸ் தோட்டத்துல சைக்கிள் நிறுத்துற தகரக் கொட்டகையில் மேசை போட்டான். மே மாசம், கத்திரி வெயில். இரண்டாம் நாள் மதியமே தலைவலி, வாந்தி! "நிழல்லதானேம்மா உக்காந்திருந்தேன்" என்றான். அம்மா ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில் மேசையை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போட்டாங்க. அப்புறம் தலைவலி வரல.

இரண்டும் நிழல்தான். பிறகு என்ன வித்தியாசம்?

தகரம் வெயிலை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டை வெப்பக் கதிராக நம் தலைமேல் இறக்குகிறது. இலையும் வெயிலை வாங்குகிறது. ஆனால் வேர் உறிஞ்சிய நீரை இலைத்துளை வழியே ஆவியாக விடுகிறது. இதுதான் நாம் பாடத்தில் படித்த நீராவிப்போக்கு. 1 கிராம் நீர் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை இலையே எடுத்துக்கொள்வதால் தகரம் போல் அது கொதிப்பதில்லை. நமக்கு வியர்வை எப்படியோ, மரத்துக்கு இது அப்படி!

ஆனால் ஒரு எச்சரிக்கை. செய்தியில் "இன்று 40 டிகிரி" என்றால் அது வெயிலில் அளந்தது அல்ல. காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் அளந்தது. ஆகவே மரத்தடியிலும் காற்றுச் சூடாகத்தான் இருக்கும். பகல் 12 முதல் 3 வரை வீட்டுக்குள் வந்துவிடுங்க. தாகம் எடுக்கும் முன்னாடியே தண்ணி, மோர் குடிங்க. செல்போனை வெயிலில் வைக்காதீங்க. சூட்டில் பேட்டரி சீக்கிரம் கெடும்.

தாகூர் 1901-ல் சாந்திநிகேதனில் தொடங்கிய பள்ளியில் மரத்தடியிலேயே பாடம் நடந்தது. நாமும் லீவுல காலையிலும் சாயங்காலமும் மரத்தடியில் படிக்கலாமே!

செய்து பாருங்கள்: மதியம் தகரக் கொட்டகையில் ஒரு நிமிடம், மரத்தடியில் ஒரு நிமிடம் நில்லுங்க. உங்க உச்சந்தலையே விடை சொல்லும்.

"இலை கொட்டுது, பெருக்கி மாளல, மரத்தை வெட்டிடலாம்" என்று வீட்டில் பேச்சு வந்தால், இந்தப் பாடத்தைச் சொல்லுங்க. கூடவே விளக்குமாறையும் நீங்களே கையில் எடுங்க!

— எட்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி