சாயம் பூசாமல் அறிவோம்

பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஆயிரம் மாணவர்கள் திரண்டிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவனை மட்டும் தொலைவிலிருந்து கவனிக்க வேண்டும். அவன் தலையில் பெரிய சிவப்புத் தொப்பியை மாட்டிவிட்டால் எளிதாகக் கண்டுகொள்ளலாம். ஆனால், அந்தத் தொப்பியோடு அவன் வழக்கம்போல ஓடுவானா?

உயிரியல் ஆய்வாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. நம் உடலில் புரதங்கள் ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் செயல்படுகின்றன. அவற்றைக் கண்ணால் காண இயலாது. ஆகவே, ஒளிரும் சாயத்தையோ கதிரியக்க அணுவையோ அடையாளமாக இணைத்து அவற்றைப் பின்தொடர்வது வழக்கம். சில வேளைகளில் புரதம் இணைய வேண்டிய இடத்தையே சாயம் மறைத்துவிடும், முடிவும் தவறாகிவிடும். இக்குறையைத் தீர்க்க உருவானவையே அடையாளமிலா உயிருணரி முறைகள்.

அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று, தங்கத்தையும் ஒளியையும் பயன்படுத்துகிறது. கண்ணாடித் தகட்டின் மீது ஏறக்குறைய 50 நானோமீட்டர் தடிப்பில் தங்கம் பூசப்படும். இது தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகும். தங்கத்தின் மேற்புறத்தில் ஒரு புரதத்தைப் பொருத்துவர். மற்றொரு புரதம் கலந்த கரைசலை அதன்மேல் ஓடவிடுவர். அதே வேளையில், கண்ணாடியின் வழியாகத் தங்கத்தின் அடிப்புறத்தில் ஒளியைப் பாய்ச்சுவர். குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் தங்கத்திலுள்ள மின்னணுக்கள் ஒளியின் ஆற்றலை ஈர்த்துக்கொள்ளும், எதிரொளி மங்கும். புரதங்கள் இணைந்தால் அந்தக் கோணம் சற்றே நகரும். பிரிந்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். இதனால், அவை இணைகின்றனவா என்பதோடு, எவ்வளவு விரைவாக இணைகின்றன, எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கின்றன என்பதையும் உடனுக்குடன் அறியலாம்.

இம்முறையின் வேர் பழையது. 1902-இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், உலோகப் பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளியில் விளங்காத இருண்ட பட்டைகளைக் கண்டார். 1983-இல் சுவீடன் ஆய்வாளர்கள் இவ்வகை ஒளி விளைவை உயிருணரியாகப் பயன்படுத்திக் காட்டினர். 1990-இல் அதற்கான கருவி விற்பனைக்கு வந்தது.

அதன் பயனை 2020-இல் உலகம் உணர்ந்தது. கோவிட்-19 கிருமியின் முள்முனைப் புரதம் மனித உயிரணுவின் ஏற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் இம்முறையில் அளந்தனர். பழைய சார்ஸ் கிருமியைவிட 10 முதல் 20 மடங்கு இறுக்கம் என்பது அவர்களின் அளவீடு. பின்னர் வந்த பிற ஆய்வுகளில் இந்த வேறுபாடு குறைவாகவே இருந்தது. சார்ஸ் கிருமிக்கு எதிரான மூன்று எதிர்ப்பொருள்களையும் அவர்கள் மற்றோர் அடையாளமிலா முறையில் சோதித்தனர். அவற்றுள் ஒன்றுகூடப் புதிய கிருமியின் புரதத்தோடு இணையவில்லை. இரு கிருமிகளும் உறவுடையவை என்பதாலேயே பழைய எதிர்ப்பொருள் புதியதற்கும் உதவும் என்று எண்ணிவிட முடியாது என்பது தெளிவாயிற்று.

எனினும், இம்முறைக்கும் வரம்புண்டு. தங்கத்தின்மேல் வேறு பொருள் தற்செயலாக ஒட்டினாலும் கோணம் நகரும். ஆகவே, புரதம் பொருத்தப்படாத மற்றொரு பகுதியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. மேலும், ஒரு புரதத்தைப் பரப்பில் பொருத்தும்போதே அதன் இணையும் இடம் மறைந்துபோகலாம். மாணவனின் தொப்பியைக் கழற்றிவிட்டோம். ஆனால், அவன் ஒரு காலைத் திடலோடு கட்டியிருக்கிறோம்!

அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக்கூடும். இதை மறவாமல் தம் முடிவைத் தாமே ஐயுற்று மீண்டும் சோதிப்பவரே நல்ல அறிவியலாளர்.

சிந்தித்து விடையளிக்க:
1. சிவப்புத் தொப்பி இப்பகுதியில் எதற்கு உவமையாகக் கூறப்பட்டுள்ளது?
2. எதிரொளி மங்கும் கோணம் நகர்வதிலிருந்து ஆய்வாளர் எவற்றை அறிந்துகொள்கிறார்?
3. ‘அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக்கூடும்.’ இக்கூற்றை உம் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.