பெரியாளுக்கு ஒரு கூலி, சித்தாளுக்கு ஒரு கூலி

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனாருக்குக் கீழே எடுபிடிக்கு ஆள் இருக்கும். ஆணாக இருந்தால் பெரியாள், பெண்ணாக இருந்தால் சித்தாள். இரண்டு பேரும்தான் செங்கல் தூக்குகிறார்கள், சாந்து குழைக்கிறார்கள், பாண்டில் அள்ளிச் சாரத்துக்கு ஏற்றுகிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கூலி பிரிக்கும்போது மட்டும் தொகை ஒன்றாக இருப்பதில்லை. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "அவன் பெரியாள், இது சித்தாள் கூலி" என்பார். காரணம் கேட்டால் பெயரைத் திருப்பிச் சொல்கிறார். அவர் மேல் தப்பில்லை, பெயருக்குள்ளேயே கூலியை வைத்துத்தானே நாம் மொழியைப் பழகியிருக்கிறோம்!

ஆண், பெண் சம்பள வித்தியாசம் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு கட்சிக்காரர்கள் எழுந்துவிடுவார்கள். எல்லாம் முதலாளிகளின் வஞ்சகம் என்பது ஒரு கட்சி. அப்படி ஒன்று கிடையவே கிடையாது, அவரவர் உழைப்புக்கேற்ற கூலி என்பது இன்னொன்று. தொழிலாளர் பொருளாதாரம் படிக்கும் ஆய்வாளர்கள் இத்தனை ஆண்டுகளாகக் கணக்குப் பார்த்துச் சொல்லியிருப்பது இரண்டு கட்சிக்குமே உவப்பாக இல்லை.

நம்பிக்கை: சம ஊதியச் சட்டம் வந்தாயிற்று. ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்பது பழங்கதை.

சட்டம் உண்மைதான். இந்தியாவில் 1976இல் வந்தது. 'ஒரே வேலை' என்று மட்டும் எழுதாமல் 'ஒத்த தன்மையுள்ள வேலை' என்பதையும் சேர்த்தே எழுதினார்கள். ஆனால் எது ஒரே வேலை என்று யார் தீர்மானிப்பது? 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததே இந்தக் கேள்வியால்தான். பெண் சுருக்கெழுத்தர்கள் அதிகாரிகளின் அந்தரங்கச் செயலர்கள், ஆண் சுருக்கெழுத்தர்கள் வேறு பிரிவு, ஆகவே சம்பளமும் வேறு என்று நிறுவனம் வாதாடியது. அட்டவணையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள், கையில் என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள் என்ற போக்கில் தீர்ப்பு வந்தது. கட்டுப்படியாகாது என்ற சாக்கையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

பெயர் வைத்துக் கூலியைக் குறைப்பது நம்மூர் வித்தை மட்டுமில்லை. 1968இல் இங்கிலாந்தின் டாகனம் ஊரில் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் இருக்கைக்கு உறை தைக்கும் 187 பெண்கள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் வேலையைத் திறன் குறைந்த வேலை என்று தரம் பிரித்திருந்தது நிர்வாகம். மூன்று வாரம் தைப்பவர்கள் இல்லாமல் போனதும் கார் உற்பத்தியே படுத்துவிட்டது. கடைசியில் ஆண்கள் விகிதத்தில் 92 சதவீதம் தருவதாக முடிந்தது. 1970இல் பிரிட்டன் சம ஊதியச் சட்டம் இயற்றியதற்கு இந்தப் போராட்டத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது வேறு: எங்கள் வேலையைத் திறன்வேலை என்று ஒப்புக்கொள். அது 1984இல், இன்னொரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் நடந்தது. காசு பதினாறு வருடம் முன்னாலேயே வந்துவிட்டது, பெயர் வரத்தான் அத்தனை காலம்.

நம் கட்டடத்துக்குத் திரும்பினால், கையாளாகச் சேரும் பையன் சில வருடத்தில் கரணை பிடித்துவிடுகிறான். அதே சாரத்தில் இருபது வருடம் பாண்டு சுமந்த அம்மா சித்தாளாகவே ஓய்கிறார். எந்தச் சட்டமும் இதைத் தொடாது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை வேறுதானே!

நம்பிக்கை: விகிதத்தை ஒன்றாக்கிவிட்டால் வருமானமும் ஒன்றாகிவிடும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 2022 அக்டோபரில் இந்திய கிரிக்கெட் வாரியம் ஆட்டக்காரிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், இருபது ஓவருக்கு 3 லட்சம். நல்ல அறிவிப்பு, கைதட்டலாம். ஆனால் நம் பெண்கள் அணி 2014 நவம்பருக்குப் பிறகு 2021 ஜூன் வரை ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அறிவிப்பு வந்த பிறகு அடுத்த டெஸ்டுக்கு 2023 டிசம்பர் வரை காத்திருந்தார்கள். ஆண்டு ஒப்பந்தத்தில் அன்று ஆண்களின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி, பெண்களின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். கட்டணம் சமம், ஆட்டம் எங்கே?

இதையே பேருந்து டிப்போவுக்குள் போய்ப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. வேலன்டின் போலட்னி, நடாலியா எமானுவேல் என்ற இருவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் போக்குவரத்துக் கழகத்தின் ஓட்டுநர் கணக்குகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே சங்கம் பலமானது. மணிக் கூலி ஒப்பந்தப்படி, பணிமூப்புப்படி. மேலதிகாரி யாருக்கும் சலுகை காட்டவோ யாரையும் அமுக்கவோ இடமில்லை. அப்படியிருந்தும் ஆண் ஒரு டாலர் வாங்கும் இடத்தில் பெண் 89 சென்ட்தான் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

எங்கே போனது மிச்சம் 11 சென்ட்? ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலையிலும் விடுப்பிலும். ஆண்கள் ஆண்டுக்குப் பெண்களைவிட 83 சதவீதம் அதிகமாக ஓ.டி. பார்த்தார்கள். சம்பளமில்லாத விடுப்பு எடுத்ததோ பெண்கள் எடுத்ததில் ஏறக்குறைய பாதிதான். இதில் நுட்பமான ஒன்று உண்டு. மூன்று மாதம் முன்பே தெரிந்த ஓ.டி. என்றால் பெண்களும் பெரும்பாலும் வந்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி எடுக்க ஆள் வேண்டும், வருகிறாயா?" என்று திடீரென்று கூப்பிட்டால்தான் கதை மாறியது. அதற்குச் சரி சொல்வதில் ஆண்கள் இரண்டு மடங்கு. பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் பெண்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூர்மை. பள்ளி விட்டு வாசலில் நிற்கும் பிள்ளையை யார் கூட்டிவருவது என்ற கேள்விக்கு வீட்டில் வேறு ஆள் இருப்பவரால்தான் அந்த அழைப்பை எடுக்க முடியும். ஓ.டி.க்கு ஒன்றரை மடங்கு கூலி என்பது உடம்பு உழைப்புக்கான கூலி மாதிரித் தெரிகிறது. பாதி, சாயங்காலம் கட்டிப்போடப்படாதவருக்கான கூலி.

இடையில் ஒன்று. எல்லா வித்தியாசத்துக்கும் பின்னால் ஒரு வில்லனைத் தேடுபவர்கள் ஊபர் ஆய்வைப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் கணக்கு. கட்டணம் போடும் மென்பொருளுக்கு ஓட்டுபவர் ஆணா பெண்ணா என்பது தெரியாது. ஆனாலும் மணிக்கு 7 சதவீத வித்தியாசம். அதில் பாதி ஆண்கள் வேகமாக ஓட்டுவதால். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை.

நம்பிக்கை: அப்படியானால் அது பெண்களின் விருப்பம். யாரும் தடுக்கவில்லையே?

பாஸ்டன் கணக்கைக் காட்டினால் உடனே வருவது இந்த வாதம்தான். 'விருப்பம்' என்ற சொல்லின் மேல் எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. முடித்தவர்களை மரியான் பெர்ட்ரான்ட், கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் பின்தொடர்ந்து பார்த்தார்கள். படிப்பு ஒன்று, கல்லூரி ஒன்று. வேலையில் சேரும்போது ஆண்டுச் சம்பளம் ஆண்களுக்குச் சராசரி 1,30,000 டாலர், பெண்களுக்கு 1,15,000. ஒன்பது வருடம் கழித்து 4,00,000, 2,50,000. நடுவில் என்ன நடந்தது? பெண்களின் மூளை தேயவில்லை. குழந்தை பிறந்தது.

டென்மார்க்கில் ஹென்ரிக் கிளெவன் குழுவினர் அரசுப் பதிவேடுகளைக் கொண்டு போட்ட வரைபடம் இத்துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் குழந்தை வரை ஆண் வருமானக் கோடும் பெண் வருமானக் கோடும் சேர்ந்தே போகின்றன. குழந்தை பிறந்த ஆண்டில் பெண்ணின் கோடு கிணற்றில் விழுகிறது. பிறகு கொஞ்சம் ஏறுகிறது, பழைய இடத்துக்கு வருவதில்லை. நெடுங்காலத்தில் இழப்பு ஏறத்தாழ 20 சதவீதம். அப்பாவின் கோட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. குழந்தை இருவருடையதுதான் என்பதைக் கோடு நம்பவில்லை.

இங்கே எப்படி என்றால், 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: வீட்டு வேலை செய்யும் இந்தியப் பெண் அதற்கு ஒரு நாளில் தருவது 289 நிமிடம், வீட்டு வேலை செய்யும் ஆண் 88 நிமிடம். ஆணைவிட நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் அவள் பேரில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, மிச்சத்தில் ஓ.டி. பார்க்காதது அவள் விருப்பம் என்கிறோம்.

அதற்காக நேரடிப் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று யாரும் கிளம்ப வேண்டாம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டுத் தரவில் படிப்பு, அனுபவம், தொழில், துறை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் மணிக் கூலியில் சுமார் 8 சதவீதத்துக்கு விளக்கமே கிடைக்கவில்லை என்று பிரான்சீன் பிளாவும் லாரன்ஸ் கானும் எழுதினார்கள். தவிர, 'தொழிலைக் கழித்து' என்பதற்குள்தான் நம் சித்தாள் நிற்கிறார்.

நம்பிக்கை: பெண்களுக்குச் சம்பள உயர்வு கேட்கத் தெரியாது.

தெரியும். 2018இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பெண்களும் ஆண்கள் அளவுக்குத்தான் கேட்கிறார்கள். கேட்ட ஆண்களில் 20 சதவீதத்தினருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதத்தினருக்கு. தைரியம் வளர்க்கும் பயிலரங்குகளுக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை: மகப்பேறு விடுப்பைக் கூட்டினால் சரியாகிவிடும்.

2017இல் இந்தியாவில் 12 வாரம் 26 வாரமானது. தாய்க்கும் பிள்ளைக்கும் அது தேவை, அதில் பேச்சில்லை. ஆனால் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருபவர்களைத் தவிர மற்றவர்களின் விடுப்புச் சம்பளத்தை முதலாளிதான் தன் கையிலிருந்து தர வேண்டும். கல்யாணமாகிவிட்டதா, அடுத்து என்ன திட்டம் என்று நேர்முகத் தேர்வில் கேட்கும் அந்தக் குடும்பப் பாசத்துக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. அப்பாவுக்குத் தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூட விடுப்பு இல்லை என்பதால் அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஆஸ்திரியாவில் கிளெவன் குழு அறுபது ஆண்டுக் கால விடுப்பு, குழந்தைக் காப்பகக் கொள்கைகளைப் பரிசோதித்தது. வருமான இடைவெளியில் அவற்றால் கிட்டத்தட்ட ஒரு அசைவும் இல்லை.

நம்பிக்கை: என் வேலைக்கு மாற்று ஆள் கிடையாது. வேலையின் சுபாவமே அப்படி.

2023இல் பொருளாதார நோபல் பரிசை இன்னொருவரோடு பங்கிடாமல் தனியாகப் பெற்ற முதல் பெண் கோல்டின். அவர் இதற்குப் பதிலாகக் காட்டுவது மருந்துக் கடை.

1960களில் அமெரிக்க மருந்தாளுநர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் இருந்தாலே அதிகம். கடை பெரும்பாலும் சொந்தக் கடை. முதலாளியே மருந்தாளுநர், நேரம் காலம் கிடையாது. பெண்கள் அங்கே சம்பளத்துக்கு உதவியாளர்கள். பிறகு சங்கிலிக் கடைகளும் மருத்துவமனை மருந்தகங்களும் பெருகின. மருந்து ஆலையிலிருந்தே அட்டையாக வந்தது. யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்பது கணினியில் ஏறியது. காலையில் இருந்தவர் போய் மாலையில் வேறொருவர் வந்தாலும் நோயாளிக்கு ஒன்றும் குறையவில்லை. இரட்டிப்பு நேரம் நின்றால் இரட்டிப்புச் சம்பளம், பாதி நேரம் நின்றால் பாதி. நேரத்தைக் கேட்டதற்கு அபராதம் இல்லை. இன்று அத்தொழிலில் பாதிக்கு மேல் பெண்கள், சம்பள வித்தியாசமோ மிகக் குறைந்த தொழில்களில் ஒன்று. பெண்கள் நுழைந்தால் தொழிலின் மதிப்பு இறங்கும் என்பார்களே, மருந்தாளுநர் சம்பளம் இறங்கவில்லை, ஏறியது.

பெண்களை நினைத்து இதை யாரும் செய்யவில்லை. சங்கிலிக் கடைக்காரர்கள் லாபம் பார்த்தார்கள், கணினி தன் பாட்டுக்கு வந்தது. எழுபதுகளில் மருந்துக் கடை முதலாளியிடம் போய், உங்கள் வேலையை இருவர் மாறி மாறிப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தால், வேலையின் சுபாவம் தெரியாமல் பேசாதே என்றுதான் விரட்டியிருப்பார்.