தோள் எவ்வளவு சுழலும்?

மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில், ஃபோர்ட் கொச்சி வெளியில், ஒரு துணி வெளுக்கும் கூடம் உண்டு. அதை டோபி கானா என்பார்கள். அங்கே வேலை செய்பவர்கள் தமிழ் பேசும் வண்ணார் குடும்பத்தினர். டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்டார்கள். படைவீரர்களின் துணியை வெளுக்க அந்தக் காலத்தில் வந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள்.

ஈரத்துணி கனமானது. அதைத் தலைக்கு மேலே சுழற்றிக் கல்லில் அடிக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை கை சுழலும்? எண்ணிப் பாருங்கள்!

தோள் மூட்டில் ஒரு பந்தும் ஒரு கிண்ணமும் இருக்கின்றன. பந்து பெரியது. கிண்ணமோ ஆழமில்லாதது, ஒரு சின்னத் தட்டு மாதிரி. அதனால்தான் கை எல்லாப் பக்கமும் திரும்புகிறது. பந்து நழுவி விழாமல் இருக்கத் தசைகள் அதைப் பிடித்திருக்கின்றன. மூட்டைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. பையில் உறுதியான நார்களும் உண்டு. டாக்டர்கள் இவற்றை லிகமென்ட் என்பார்கள்.

துறையில் கட்டிய வள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். கயிறு தொய்வாக இருக்கும்வரை வள்ளம் ஆடும். கயிறு விறைத்ததும் நின்றுவிடும். நார்களும் அப்படித்தான். கை உடலோடு ஒட்டியிருக்கும்போது வெளியே திருப்பினால் மேலே உள்ள நார்கள் விறைக்கும். கையைத் தூக்கித் திருப்பினால் கீழே உள்ள நார் விறைக்கும். துணி அடிக்க ஓங்கும் கையை அதுதான் தடுத்து நிறுத்துகிறது. அந்த நிலையில் கையைப் பலமாகப் பின்னே தள்ளினால் தோள் நழுவலாம், நாரும் கிழியலாம். அப்புறம் மறுபடியும் நழுவும். இளவயதினருக்கு இது அதிகம்.

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஓர் அக்காவுக்கு வேறு தொல்லை. அவரால் கொண்டை போட முடியவில்லை. இரவில் வலி, தூக்கமில்லை. "வேலை செய்த கைதானே, வலிக்கத்தான் செய்யும்" என்று ஆறு மாதம் பொறுத்தார். யாரோ கையை முறுக்கி இழுத்துவிட்டார். வலி இரண்டு மடங்கானது. எனக்கு இன்றும் கோபம்தான்.

டாக்டர் அவரை முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைக்கச் சொன்னார். முன்கையைக் கதவு திறப்பதுபோல் வெளியே திருப்பச் சொன்னார். நல்ல கை திறந்தது. வலிக்கும் கை திறக்கவில்லை. டாக்டர் மெல்லத் திருப்பிப் பார்த்தும் திறக்கவில்லை. மூட்டுப்பை தடித்துச் சுருங்கிவிட்டது. நார்களும் இறுகிவிட்டன. இதற்கு உறைந்த தோள் என்று பெயர். தானாகத் திருப்ப முடியாமல், பிறர் திருப்பினால் மட்டும் திரும்பினால், அது தசையின் கோளாறாக இருக்கலாம்.

உறைந்த தோள் பெரும்பாலும் 40 முதல் 60 வயதில் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும். அக்காவுக்கும் இரத்தத்தில் சர்க்கரை இருந்தது. அதுவரை அவருக்கே தெரியாது.

இப்போது சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தாங்கும் அளவுக்கு மட்டும் கையைத் திருப்பிப் பழகுகிறார். ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்றார் டாக்டர். போன வாரம் கை காதுவரை போனது. கொண்டையை இன்னும் மகள்தான் போட்டுவிடுகிறாள்.