எந்தத் திரவத்துக்கு எந்தப் பாட்டில்?

ஆய்வகத்தில் வேதிப்பொருளின் செறிவைக் கவனமாகப் பார்க்கிறோம்; அது இருக்கும் பாட்டிலை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பாட்டிலும் ஒரு வேதிப்பொருளால் ஆனதே. உள்ளே இருக்கும் திரவம் அதனோடும் வினைபுரியலாம். ஆகவே எதையும் இருப்பில் வைக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்.

1. பாட்டிலையோ மூடியையோ திரவம் அரிக்குமா?

சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கண்ணாடியிலுள்ள சிலிக்காவுடன் மெல்ல வினைபுரிந்து சோடியம் சிலிகேட்டைத் தரும். இதனால் கண்ணாடி மூடி கழுத்தோடு இறுகிவிடும். வலிந்து திருகினால் பாட்டில் உடைந்து கையைக் கிழிக்கலாம். இதற்குப் பாலிஎத்திலீன் பாட்டிலே ஏற்றது. அடர் நைட்ரிக் அமிலமோ தக்கையையும் ரப்பரையும் அரிக்கும். அதற்குக் கண்ணாடி மூடியுடன் கூடிய கண்ணாடி பாட்டில் வேண்டும்.

2. ஒளி பட்டால் சிதையுமா?

சில்வர் நைட்ரேட் கரைசலும் அடர் நைட்ரிக் அமிலமும் ஒளியில் சிதையும். இவற்றுக்குப் பழுப்பு நிற பாட்டில் தேவை.

3. உள்ளே அழுத்தம் கூடுமா?

ஹைட்ரஜன் பெராக்சைடு சிதையும்போது ஆக்சிஜன் வெளிவரும். இறுக மூடினால் பாட்டில் உப்பும், வெடிக்கவும் கூடும். வாயு வெளியேற வழியுள்ள மூடியே பொருத்தம். கோடையில் அடர் அம்மோனியா பாட்டிலைக் குளிர்வித்த பிறகே திறக்க வேண்டும். எந்த பாட்டிலையும் விளிம்புவரை நிரப்பக் கூடாது.

தண்ணீர் பாட்டில் வேண்டாம்

நீர்த்த அமிலமும் பார்வைக்குத் தண்ணீர்போலவே இருக்கும். தாகத்தோடு வரும் குழந்தை பாட்டிலின் வடிவத்தைத்தான் பார்க்கும்; ஒட்டிய சீட்டைப் படிக்காது. ஆய்வகமே இல்லாத தொடக்கப் பள்ளிக்கும் இது பொருந்தும். கழிப்பறைக்கு வாங்கும் அமிலத்தைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். வாங்கிய கலனிலேயே வைத்துப் பூட்டுங்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் பெயர், செறிவு, எச்சரிக்கை, தயாரித்த நாள் ஆகியவை இருக்கட்டும். கனமான அமில பாட்டில்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும்.

வகுப்பறைச் செயல்பாடு

கண்ணாடி முகவையில் சிறிதளவு அசிட்டோன் எடுத்து, அதில் ஒரு தெர்மாகோல் துண்டைப் போட்டுக் காட்டுங்கள். அது நொடிகளில் சுருங்கிக் குழைந்துபோகும். காற்றோட்டமான இடத்தில், தீயை விலக்கி, ஆசிரியரே இதைச் செய்ய வேண்டும். பிறகு மாணவர்களிடம் கேளுங்கள்: “இந்தத் திரவத்தைத் தெர்மாகோல் கோப்பையில் ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” அடுத்து மேலே சொன்ன திரவங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற பாட்டிலைக் காரணத்துடன் சொல்லச் செய்யுங்கள்.