ராஜினாமாவா, பணிநீக்கமா?



2022 ஜனவரி 15 முதல் சிங்கப்பூரில் கொரோனா தடுப்பூசி போடாதவர்கள் பணியிடத்துக்குள் வரக்கூடாது என்று விதி வந்தது. மருத்துவக் காரணம் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை, சம்பளமில்லா விடுப்பு, கடைசி வழியாக நோட்டீஸ் கொடுத்துப் பணிநீக்கம்.

அப்போது நம் மஹல்லா சகோதரர் ஒருவர் அங்கிருந்து ஃபோனில் கேட்டார்: "ஹஜ்ரத்! ஊசி போட மனம் வரவில்லை. நானே ராஜினாமா செய்யவா, அவர்கள் அனுப்பும்வரை இருக்கவா?" வேலை போனால் பெர்மிட்டும் போகும். அவரை நம்பி ஊரில் ஐந்து பேர்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், உங்கள் தயக்கம் மார்க்கமா, பயமா என்று பாருங்கள். மார்க்கம் என்றால், சிங்கப்பூர் முயிஸ் 2020 டிசம்பரிலேயே இந்தத் தடுப்பூசி கூடும் என்று அறிவித்துவிட்டது. பயம் என்றால் மருத்துவரிடம் கேளுங்கள். மார்க்கம் சொல்லாததை மார்க்கத்தின் பெயரில் சொல்லாதீர்கள். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாமல் உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பினார்கள். 'விதியை விட்டு ஓடுகிறீர்களா?' என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். தற்காப்பு தவக்குலுக்கு எதிரானதல்ல.

இரண்டாவது, போலிச் சான்றிதழ் வேண்டாம். அது பொய், மோசடி. அதைக் காட்டிச் சம்பாதிக்கும் சம்பளத்தில் பரக்கத் இருக்குமா?

மூன்றாவது, கோபத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வேறு வேலையோ விடுப்போ தர முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். ராஜினாமா செய்தால் எந்தப் பாக்கி கிடைக்கும், நீக்கினால் எது கிடைக்கும் என்று விசாரியுங்கள். உண்மையைச் சொல்லி நீக்கப்படுவது பாவமுமல்ல, இழிவுமல்ல. நீங்களே விலகினால் நோட்டீஸ் காலத்தை முடித்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது அல்லாஹ்வின் கட்டளை (அல்மாயிதா: 1).

நான்காவது, மனைவியிடமும் பெற்றோரிடமும் மஷூரா செய்யுங்கள். தன் பொறுப்பில் உள்ளவர்களைத் தவிக்கவிடுவதே ஒரு மனிதனுக்குப் பாவமாகப் போதும் என்பது நபிமொழியின் கருத்து (அபூதாவூத்). பிறகு இஸ்திகாரா தொழுங்கள்.

அந்தச் சகோதரர் சம்பளமில்லா விடுப்புக் கேட்டார், கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 26-ல் அந்த விதி நீங்கியது. ஜனவரியில் அவசரப்பட்டிருந்தால்?

ரிஸ்க் முதலாளியின் கையில் இல்லை, அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதைத் தேடும் வழியில் உண்மையையும் பொறுமையையும் கடைப்பிடிக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.