ஐ.டி.ஐ. போனால் படிப்பு முடிந்துவிடாது

பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தால், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளையை நாமக்கல் லாரிப் பட்டறையில் விட்டுவிடுகிறோம். தொழில் கைக்கு வரும், சான்றிதழ் வராது.

அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், மோட்டார் மெக்கானிக் பிரிவுகள் 2 வருடம். வெல்டர் 1 வருடம்தான், எட்டாம் வகுப்பே போதும். கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு.

பெற்றோர் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று. பத்தாவது தேறி 2 வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. வெல்டர் பிரிவுக்கு இந்த வழி இல்லை. சீக்கிரம் முடிகிறதே என்று அவசரப்படாதீர்கள்.

விண்ணப்பிக்கும்போது பி.சி. (முஸ்லிம்) சாதிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். 3.5 சதவீத இடஒதுக்கீடு அதைக் காட்டினால்தான் கிடைக்கும்.